வெர்லினின் கராஜில் ஒட்டகம்

வெர்லின் ஹாக்ஸ்டாட்டின் கராஜ் இரண்டு கார் நிற்பதற்கென்று கட்டப்பட்டது. இந்த இருபத்தாறு வருடத்தில் அதற்குள் ஒரு கார்கூட நுழைந்ததில்லை. எள் போட்டால் எள் விழாது என்பார்கள். வெர்லினின் கராஜில் எள்ளைப் போடுவதற்குக் கையை நீட்டவே வழி கிடையாது. கதவைத் தூக்கியதும் ஒரு சிறு படகின் மூக்கு நெஞ்சில் இடிக்கும். அதைச் சுற்றிக்கொண்டு போனால் பனி தள்ளும் இயந்திரம். அதற்குப் பின்னால் மான் இறைச்சி நிரம்பிய இரண்டு ஃப்ரீசர்கள். ஏரி உறைந்ததும் இழுத்துக்கொண்டு போய்ப் பனிக்கட்டி மேல் நிறுத்தி, உள்ளே உட்கார்ந்து துளை போட்டு மீன் பிடிப்பதற்கான சக்கரம் வைத்த குடில் ஒன்று. அடியில் ஒரு விரல் அளவு மட்டும் மிச்சமிருக்கும் பெயின்ட் டப்பாக்கள் பதினான்கு. அரிசோனாவுக்குப் போய்ப் பனியையே மறந்துவிட்ட மகனுடைய ஹாக்கி உடுப்புகள், இன்னும் அவனுடைய பதினான்கு வயது வியர்வை நாற்றத்தோடு.

இத்தனைக்கும் நடுவில் ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கும் அளவுக்கு, கூட ஒரு அங்குலமும் இல்லாமல், ஓர் இடம் இருந்தது. அந்த இடம்தான் வெர்லினுக்குக் கோயில்.

அமெரிக்காவின் வடக்கு ஓரத்து மின்னசோட்டாவில் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவன் வருடத்தில் ஆறு மாதம்தான் அதை ஓட்டுவான். மிச்ச ஆறு மாதம் அதைப் பற்றிப் பேசுவான். வெர்லின் பேசவும் மாட்டான். அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை வந்தால் சத்தமில்லாமல் வேலையை ஆரம்பித்துவிடுவான். டாங்கை விளிம்பு வரை நிரப்பி, பெட்ரோல் கெடாமலிருக்க மருந்து ஊற்றி, அது எல்லாக் குழாயிலும் ஓட வேண்டும் என்று ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வருவான். எண்ணெயை மாற்றுவான். பாட்டரியைக் கழற்றி, பிள்ளையைத் தூக்குவது போல் தூக்கி, கீழ்த்தளத்துச் சூட்டில் கொண்டுபோய் வைப்பான். சக்கரங்களுக்கு அடியில் பலகை. எலி கூடு கட்டாமலிருக்க புகைக்குழாயில் இரும்புப் பஞ்சு. கடைசியில் ரோஜாப்பூப் போட்ட பழைய படுக்கை விரிப்பால் போர்த்தி, கைப்பிடியில் "பஞ்சை எடு" என்று ஒரு சீட்டுக் கட்டுவான். ஒரு வருடம் சீட்டுக் கட்ட மறந்து, ஏப்ரலில் முக்கால் மணி நேரம் உதைத்தும் வண்டி கிளம்பவில்லை. அன்றைக்கு அவன் வாயிலிருந்து வந்த கெட்ட வார்த்தை, "அட."

அவன் அப்படித்தான். முப்பது வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறான். நாற்பதடி நீளப் பேருந்தை வழுக்கும் பனியில் ஒரே வெட்டில் திருப்பக்கூடியவன், ஹாரன் அடித்ததாகச் சரித்திரம் இல்லை. அடித்தால் முன்னால் போகிறவன் மனசு நோகுமாம்.

அந்த ஊரில் எல்லாரும் கிட்டத்தட்ட அப்படித்தான். யாரும் எதையும் நேராகக் கேட்க மாட்டார்கள், நேராக வாங்கவும் மாட்டார்கள். ஒருவர் ஒன்றைக் கொடுக்க வந்தால் முதல் தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாவது தடவையும் வேண்டாம். மூன்றாவது தடவை கேட்டால், "சரி, உங்களுக்கு ரொம்பத் தொந்தரவில்லன்னா" என்று இழுத்துக்கொண்டே வாங்கிக்கொள்ளலாம். முதல் தடவையே கை நீட்டுகிறவன் பேராசைக்காரன். மூன்று தடவை கேட்காதவன் ஒப்புக்குக் கேட்டவன். காபியிலிருந்து கல்யாணம் வரை இதுதான் கணக்கு. வெர்லின் லவானிடம் கல்யாணத்துக்குக் கேட்டபோதும், அவள் இரண்டு தடவை "ஐயோ, உனக்கு வேற நல்ல பொண்ணு கிடைப்பாளே" என்று சொல்லி, மூன்றாவது தடவைதான் தலையாட்டினாள். மூன்று கேள்வியும் மூன்று பதிலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தன.

இந்த வருடம் வம்பு தேவாலயத்திலிருந்து வந்தது. அதன் கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு வாசலில் நிறுத்துகிற சிலைகளை வைக்க இடமில்லை. பாதிரியார் அம்மா இங்ரிட், ஆராதனை முடிந்ததும் வெர்லினைப் பிடித்துக்கொண்டாள்.

"வெர்லின், உங்க கராஜ்ல கொஞ்சம் இடம் இருக்குமா?"

"கொஞ்சம் நெருக்கடியா இருக்கு."

"சின்னச் சின்ன சாமான்தான்."

"படகு வேற இருக்குது..."

"ரெண்டே மாசம்தான் வெர்லின்."

மூன்றாவது தடவை. அதற்கு மேல் மறுப்பது அந்த ஊரில் கொலைக்குச் சமம். "கொண்டாங்க, பரவாயில்ல," என்றான். சின்னச் சாமான் என்பது ஆள் உயர ராஜாக்கள் மூவர், ஆடு இரண்டு, உட்கார்ந்தபடியே வெர்லினின் தோளுக்கு வரும் ஒட்டகம் ஒன்று. ஒட்டகத்துக்கு இடம் கொடுத்த கதை நம் ஊரில் பழமொழி. அங்கே அது உண்மையாகவே நடந்தது. ஒட்டகம் உள்ளே போனதும் மோட்டார் சைக்கிள் வெளியே வந்தது.

அக்டோபர் கடைசி. வண்டி வீட்டு ஓரத்தில் தார்ப்பாய்க்குள் நின்றது. வியாழக்கிழமை பனி என்று வானொலி சொல்லிவிட்டது. மைனஸ் முப்பது டிகிரிக் குளிரில் இரண்டு மாதம் வெளியே நின்றாலே அந்த வண்டி அவ்வளவுதான். ரப்பர் வெடிக்கும், பூச்சு உரியும், ஈரம் உள்ளே இறங்கி இரும்பைத் தின்னும். பத்தொன்பது வயதில் பீட்ரூட் அறுவடைக்கு லாரி ஓட்டிச் சம்பாதித்த காசில் வாங்கிய வண்டி அது. வெர்லின் ஜன்னல் வழியே அதை எட்டிப் பார்த்துப் பார்த்துக் காலைச் சாப்பாட்டை ஆறவிட்டான்.

அப்போதுதான் கார்லா வந்தாள். பக்கத்து வீட்டுக்கு ஜூன் மாதம் குடிவந்தவள். நியூ ஜெர்சிக்காரி. வான்கோழித் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்துக்குத் தலைவி. சனிக்கிழமை காலை, வெர்லின் இலை கூட்டிக்கொண்டிருந்தபோது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தினாள்.

"வெர்லின்! உங்க வண்டி வெளிய நிக்குதே! என் கராஜ்ல பாதி காலியாத்தான் கெடக்கு. கொண்டாந்து விடுங்க!"

வெர்லினின் நெஞ்சு குதித்தது. ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. "ஐயோ, வேண்டாங்க. உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு," என்றான்.

"ஓ, சரி," என்று சொல்லிவிட்டுக் கார்லா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெர்லின் வாரியும் கையுமாக அங்கேயே நின்றான். இரண்டாவது 'வேண்டாம்' அவன் தொண்டை வரை வந்து காத்திருந்தது. அதை எங்கே கொண்டுபோய்ச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

மறந்திருப்பாள், நாளைக்குக் கேட்பாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை மாலை முழுவதும் அவள் வேலியோரமாகவே இலை கூட்டினான். இலை தீர்ந்த பிறகும் கூட்டினான். கார்லா காரில் வந்தாள், கையசைத்தாள், போனாள். திங்கட்கிழமை, லவான் சுட்ட பூசணிக்காய் ரொட்டி ஒன்றைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு நேரே அவள் வாசலுக்கே போய்விட்டான். கராஜ் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு பக்கம் கார். இன்னொரு பக்கம் துடைத்துவிட்டாற்போல் சிமென்ட் தரை. அதைப் பார்த்ததும் வெர்லினுக்கு வாயில் எச்சில் ஊறியது.

"உங்க கராஜ் நல்ல பெருசுங்க," என்றான்.

"ஆமா, பெருசுதான்."

"எங்களுது அவ்ளோ தாராளமில்ல."

"பாத்தேன். ஒட்டகம் நிக்குது."

"வியாழக்கிழம பனி வருதாம்."

"வரட்டும். தள்ளிவிட ஆள் சொல்லி வெச்சிட்டேன்." கார்லா ரொட்டியை முகர்ந்து பார்த்துச் சிரித்தாள். "அடடா, வாசன தூக்குது! காபி குடிக்கிறீங்களா?"

"ஐயோ, வேண்டாங்க."

"சரி. லவான்கிட்ட தேங்க்ஸ் சொல்லிடுங்க."

காபியும் போயிற்று. வெர்லின் தெரு வழியே திரும்பி நடந்தபோது அவனுக்கு அழுகையே வரும்போல் இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் ஒரு கோப்பைக் காபிக்காக யாராவது அழுவார்களா? ஆனால் அவனுக்கு வந்தது காபி அழுகை இல்லை.

செவ்வாய்க்கிழமை இரவுச் சாப்பாட்டில் குமுறலை அடக்க முடியவில்லை. மாட்டிறைச்சிக்கு மேல் உருளைக்கிழங்கு உருண்டைகளை அடுக்கி லவான் வேகவைத்திருந்தாள். வெர்லின் முட்கரண்டியால் உருண்டைகளை ஒவ்வொன்றாகக் குத்தினான்.

"என்ன மனுஷி இவ? ஒரு தடவ கேட்டா. ஒரே தடவ! நான் வேண்டாம்னேன். சரின்னுட்டு உள்ள போயிட்டா."

"நீ வேண்டாம்னுதான சொன்ன?" என்றாள் லவான்.

"அதுக்காக? வேண்டாம்னா வேண்டாம்னா அர்த்தம்? வளந்த எடத்துல ஒண்ணும் சொல்லித் தரலயா? மனசிருந்தா இன்னும் ரெண்டு தடவ கேட்டிருப்பா. நான் என்ன, நாலு நாளா அந்த வேலியோரமே நிக்கறேன். கேக்கறவளுக்கு வாய் வலிக்குமா? காத்துக்கிட்டு நிக்கறவன் மனசு என்ன பாடு படும்னு அவளுக்குத் தோணாதா?"

லவான் தண்ணீர் ஜாடியை எடுத்து, ஏற்கெனவே நிறைந்திருந்த அவன் டம்ளருக்கு மேலே பிடித்து, ஊற்றாமலே திரும்ப வைத்தாள்.

"தோணாதுதான்," என்றாள். "இந்த வீட்டுக்கு வந்தமே, அந்த மொத நவம்பர். ஞாபகம் இருக்கா?"

"ஏன்?"

"நீ கேட்ட. லவான், உன் கார உள்ள விட்டுரவா, என் வண்டிய வேற எங்கயாவது பாத்துக்கறேன்ன. நான் வேண்டாம்னேன். மறுபடி கேட்ட, காலைல நாலரைக்கே கெளம்பறியே, பனி சொரண்டணுமேன்ன. வேண்டாம், எனக்கு அது ஒண்ணும் கஷ்டமில்லன்னேன். அப்ப ஃபோன் அடிச்சிது. உன் தம்பி, மான் வேட்டைக்குப் போறதப் பத்தி. நீ போய் எடுத்த."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. அதான் சொல்றேன். அப்புறம் நீ கேக்கவே இல்ல."

வெர்லின் முட்கரண்டியைக் கீழே வைத்தான். முதியோர் இல்லத்துச் சமையலறையில் ஐந்து மணிக்கு அடுப்புப் பற்ற வைக்கிற வேலை லவானுக்கு. இருபத்தாறு குளிர்காலம். ஒரு குளிர்காலத்துக்கு நூறு காலை என்று வைத்தாலும் போதும், அந்தப் பெருக்கலை அவன் செய்ய விரும்பவில்லை.

"இருபத்தாறு வருஷமாவா லவான்?"

"மொத ரெண்டு வருஷம் நீ கேப்பன்னு நெனச்சேன். அப்புறம் கோவம் வந்துது. அப்புறம் பழகிடுச்சு." அவள் எழுந்து தட்டுகளை எடுத்தாள். "அந்தப் பொண்ணு பாவம், அவளுக்கு நம்ம வழக்கம் தெரியாது. உனக்குத் தெரியும்."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் வெர்லினைக் கொன்றது. கத்தியிருந்தால் எங்கேயாவது போய் ஒளிந்திருக்கலாம். அவனுக்கு வெட்கமாக இருந்தது. தன் வண்டிக்காக நான்கு நாள் துடித்தவன், இவளுக்காக ஒரு நாளும் துடிக்கவில்லையே என்று சுருக்கென்று தைத்தது.

புதன்கிழமை மதியம் பிள்ளைகளை இறக்கிவிட்டு, பேருந்தை நிறுத்திவிட்டு வந்தவன், சட்டையைக்கூட மாற்றாமல் கராஜ் கதவைத் தூக்கினான். வானொலிக்காரர்கள் சொன்ன வியாழக்கிழமைப் பனி ஒரு நாள் முன்னதாகவே பொடியாக இறங்க ஆரம்பித்திருந்தது. வெர்லின் படகை வெளியே இழுத்தான். மீன்பிடிக் குடிலை உருட்டிப் புல்வெளிக்குத் தள்ளினான். பெயின்ட் டப்பாக்களைக் குப்பைக்கென்று ஒதுக்கினான். ஹாக்கி உடுப்புகளை மூச்சைப் பிடித்துக்கொண்டு கோணிக்குள் திணித்தான். ராஜாக்களை ஒவ்வொருவராக இடுப்பில் அணைத்துத் தூக்கி வந்து புல்வெளியில் நிறுத்தினான். கடைசியாக ஒட்டகத்தைக் கழுத்தைப் பிடித்து இழுத்தான். அது கழுதையைப் போல அடம்பிடித்தது.

"ஹாலோவீனே இன்னும் முடியலயே! அதுக்குள்ள கிறிஸ்துமஸா?" வேலிக்கு அந்தப் பக்கம் கார்லா, வேலையிலிருந்து வந்த கோட்டோடு.

வெர்லின் ஒட்டகத்தின் கழுத்தை விட்டுவிட்டு நிமிர்ந்தான். இரண்டு தடவை தொண்டையைக் கனைத்தான். வாழ்நாளில் செய்யாததைச் செய்யப் போகிறவனின் கனைப்பு அது.

"கார்லா, என் வண்டிய உங்க கராஜ்ல விடலாமா?"

சொல்லிவிட்டான். வானம் இடிந்து விழவில்லை.

கார்லாவின் முகம் தொங்கிவிட்டது. "அடக் கடவுளே. நேத்துதான் கொடுத்தேன். எங்க ஃபாக்டரில ஒருத்தன், படகு வைக்க எடமில்லன்னு கேட்டான்."

"கேட்டானா?"

"ஆமா, நேரா வந்து கேட்டான்."

"எத்தன தடவ?"

"ஒரு தடவதான். ஏன்? நீங்கதான வேண்டாம்னீங்க!"

"அது மொத வேண்டாம்ங்க."

"மொத வேண்டாமா? இங்க மொத்தம் எத்தன வேண்டாம் இருக்கு?"

"ரெண்டு. மூணாவது தடவ சரின்னுடுவோம்."

கார்லா வேலியைப் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்தாள். "இத யாராவது எங்கிட்ட ஜூன் மாசமே சொல்லியிருக்கக் கூடாதா? பக்கத்து வீட்டுக்காரி, எதிர் வீட்டுக்காரன், எல்லாரும் எங்கிட்ட காபி வேண்டாம்னுட்டுப் போறாங்க. என்னை யாருக்குமே பிடிக்கலன்னு நெனச்சிட்டிருக்கேன் வெர்லின்!"

அவள் கண் உண்மையிலேயே கலங்கியிருந்தது. "ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்க. நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்போம்," என்றான் வெர்லின். கார்லாவுக்கு அழுகையோடு சிரிப்பு வந்துவிட்டது. கோட்டைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டுத் தாண்டி வந்து ஒட்டகத்தின் பின்பக்கத்தைப் பிடித்தாள். இருவருமாக அதை இழுத்து, ஃப்ரீசர்களுக்குப் பக்கத்தில் பனி தள்ளும் இயந்திரத்தின் மேல் சாய்த்து, ராஜாக்களையும் ஆடுகளையும் அதைச் சுற்றிச் செருகினார்கள். கராஜின் வலது பாதி காலியாகிவிட்டது. அத்தனை வருடம் சூரியனைப் பாராத சிமென்ட் தரை வெளிறிப்போய்க் கிடந்தது.

தார்ப்பாய் காற்றில் விலகி, மோட்டார் சைக்கிளின் டாங்கின் மேல் பனி உட்கார ஆரம்பித்திருந்தது. அந்தக் காலி இடத்தில் அதைத் தாராளமாக உருட்டிவிடலாம். வெர்லின் ஒரு நிமிடம் அதைப் பார்த்தான், இந்த இடத்தைப் பார்த்தான். பிறகு வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வீட்டுக்குள் போனான்.

லவான் அடுப்படியில் இருந்தாள். வெர்லின் வாசற்படியிலேயே நின்றான், காலணியில் பனி இருந்ததால். மூன்று தடவையும் கேட்டுவிடுவது, ஃபோன் அடித்தாலும் வீடே தீப்பற்றினாலும் நகர்வதில்லை என்று தீர்மானித்திருந்தான்.

"லவான், உன் கார உள்ள..."

"சரி," என்றாள் லவான்.

சாவி ஏற்கெனவே அவள் கையில் இருந்தது. மிச்சம் இரண்டு கேள்வியும் வாயிலேயே நிற்க, வெர்லின் வழிவிட்டு ஒதுங்கினான். வீட்டுச் செருப்போடு பனியில் இறங்கிப் போய் அவளே காரை எடுத்தாள். கராஜுக்குள் மெல்ல மெல்ல ஊர்ந்து போனாள். கார்லா புல்வெளியில் நின்று "இன்னும் வாங்க, இன்னும் வாங்க" என்று கையைச் சுழற்றினாள். இன்ஜின் அணைந்தது. லவான் உடனே இறங்கவில்லை. கண்ணாடிக்குள், இரண்டு கையும் ஸ்டியரிங் மேல் வைத்தபடி, எதிரே இருந்த வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெர்லின் கதவைத் திறக்கப் போகவில்லை. அவளுக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ இருக்கட்டும் என்று நின்றான்.

இறங்கி வெளியே வந்தபோது அவள் மூக்கு சிவந்திருந்தது. ஓரத்தில் நின்ற மோட்டார் சைக்கிளைப் பார்த்தாள். டாங்கின் சிவப்பு இப்போது பாதிக்கு மேல் மறைந்துவிட்டது.

"இத என்ன பண்ணப் போற?"

"தார்ப்பாய நல்லா இறுக்கிக் கட்டிடறேன். பரவாயில்ல."

லவான் இடுப்பில் கை வைத்தாள். வீட்டின் முன்பக்கம் ஒரு கண்ணாடித் தாழ்வாரம் இருந்தது. குளிர்காலம் முழுக்க அவளுடைய ஜெரேனியம் பூந்தொட்டிகளும் தையல் மேசையும் அங்கேதான். காலணியோடு அதில் கால் வைத்த குற்றத்துக்கு மகன் ஒருமுறை ஒரு வாரம் பாத்திரம் கழுவியிருக்கிறான்.

"வெர்லின், இங்க பாரு. நான் ஒரே ஒரு தடவதான் கேப்பேன். மறுபடி கேக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன். வண்டிய என் தாழ்வாரத்துல வைக்கிறியா?"

வெர்லினின் வாய் பழக்கத்தில் தானாகத் திறந்தது. "ஐ" என்ற முதல் எழுத்து உதட்டுக்கு வந்தேவிட்டது. கார்லா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். லவான் கண்ணைச் சிமிட்டாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெர்லின் வாயை மூடினான்.

"வைக்கிறேன்," என்றான்.

சொன்ன சொல்லைத் தானே நம்பாமல் முகமெல்லாம் சிவந்து நின்றான். லவான் தாழ்வாரத்துக் கதவை அகலத் திறந்து, ஜெரேனியம் தொட்டிகளை ஒவ்வொன்றாக ஓரத்துக்கு நகர்த்த ஆரம்பித்தாள். வெர்லினும் கார்லாவும் படிகளில் சாய்த்து வைக்க நீளமான பலகை எங்கே கிடைக்கும் என்று தேடப் போனார்கள்.